எம்.ஆர்.ஐ: மூவர் சண்டையில் மறந்துபோன கம்பி

கேள்வி இதுதான்: "எம்.ஆர்.ஐ ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு புத்தகத்தில் டமேடியன் என்று இருக்கிறது, இன்னொன்றில் லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு என்று இருக்கிறது. இவர்கள் இயற்பியலாளர்களா, மருத்துவர்களா? அப்புறம், அந்த இயந்திரத்தை இரவில்கூட அணைப்பதில்லை என்கிறார்களே, ஏன்?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில் வேண்டுமானால், படம் எடுக்கும் வழியைக் கண்டவர்கள் பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும். இந்த வித்தையை நோயைக் கண்டறியப் பயன்படுத்தலாம் என்று முதலில் உரக்கச் சொன்னவர் ரேமண்ட் டமேடியன். லாட்டர்பர் வேதியியலாளர், மான்ஸ்ஃபீல்டு இயற்பியலாளர், டமேடியன் மருத்துவர். தேர்வில் எழுத இது போதும்.

ஆனால் இந்தப் பதில் எனக்கு எப்போதும் அரைகுறையாகவே படும். நான் பல வருடம் குறைவெப்ப ஆய்வகத்தில் மீக்கடத்திக் காந்தங்களோடு (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் கம்பியால் ஆன காந்தங்கள்) மல்லுக்கட்டியவன். அதனால் என் பார்வை கொஞ்சம் ஒருசார்பானது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால், பெருமை யாருக்கு என்ற அந்த மூவர் சண்டையில் யாருமே பேசாத நான்காவது பாத்திரம் ஒன்று உண்டு. அது ஆள்கூட இல்லை, ஒரு கம்பி. நியோபியமும் டைட்டானியமும் கலந்த உலோகம், தலைமுடி அளவு மெல்லிய இழைகளாகச் செம்புக்குள் பொதிந்திருக்கும் கம்பி. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் புரோட்டான். நம் உடம்பில் பெரும்பங்கு நீர், நீரில் ஹைட்ரஜன், ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரு புரோட்டான். அது ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்தால், சுற்றும் பம்பரம் தலையாட்டுவது போலத் தலையாட்டும். எவ்வளவு வேகமாக ஆட்டும் என்பதைப் புலம்தான் முடிவு செய்கிறது. காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள்; 1 டெஸ்லா புலத்தில் நொடிக்கு 4 கோடியே 25 லட்சத்து 80 ஆயிரம் முறை. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பினால் புரோட்டான் அதை வாங்கிக்கொள்ளும். அலையை நிறுத்தினால், வாங்கியதைத் திருப்பித் தரும். அந்த மெல்லிய எதிரொலியை ஒரு சுருளால் பிடிக்கலாம். அணுக்கரு காந்த ஒத்ததிர்வு என்று நீட்டி முழக்கும் விஷயம் அவ்வளவுதான்.

இதை 1938-ல் இசிடோர் ராபி வெற்றிடத்தில் பறக்கும் மூலக்கூறுக் கற்றையில் அளந்தார். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருளில் அளக்க உலகப்போர் முடிய வேண்டியிருந்தது. போரில் ரேடார் வேலை பார்த்த இயற்பியலாளர்களுக்கு ரேடியோ மின்னணுவியல் கைவந்த கலையாகியிருந்தது. 1945 டிசம்பரில் ஹார்வர்டில் எட்வர்டு பர்செலும் இரண்டு நண்பர்களும் வேறொருவர் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கு வைத்திருந்த காந்தத்தை இரவல் வாங்கி, அதன் நடுவே பாரஃபின் மெழுகை வைத்து, அதிலிருந்த புரோட்டான்கள் ரேடியோ அலையை உறிஞ்சுவதைக் கண்டார்கள். சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டில் ஃபீலிக்ஸ் பிளாக் தண்ணீரில் அதையே கண்டார். ஒருவருக்கு மற்றவர் செய்வது தெரியாது. 1952-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. அந்தப் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் பர்செல் ஒரு விஷயம் சொல்வார்: அந்தக் குளிர்காலத்தில் வாசலில் குவிந்திருந்த பனியைப் புதுக்கண்ணோடு பார்த்தாராம், பூமியின் காந்தப்புலத்தில் சத்தமில்லாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும் புரோட்டான் குவியலாக. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அடுத்த 25 வருடம் இது வேதியியலாளர்களின் கருவி. சின்னக் கண்ணாடிக் குழாயில் கரைசலை ஊற்றி, மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிப்பார்கள். அதைத் தாண்டி இதைக் கொண்டு போனவர்தான் டமேடியன்.

அவர் 1971-ல் எலிகளிலிருந்து எடுத்த திசுக்களை அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். கிளறிவிட்ட புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம், புற்றுக்கட்டியில் அதிகமாக இருந்தது. இதை வைத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். பாதி சரி, பாதி அவசரம். அந்த நேரம் புற்றில் மட்டும் நீளாது, வெறும் வீக்கத்திலும் நீளும். ஆனால் திசுவுக்குத் திசு இந்த நேரம் வேறுபடுகிறது என்ற செய்தி பெரிய செய்தி. இன்றைக்கும் எம்.ஆர்.ஐ படத்தில் கறுப்பும் வெளுப்பும் தெரிவதற்கு அந்த வேறுபாடுதான் முக்கியக் காரணம்.

அதே வருடம், டமேடியனின் சோதனையை வேறொருவர் திரும்பச் செய்துபார்த்ததை அருகிலிருந்து பார்த்தவர் லாட்டர்பர். எலியைக் கொன்று, திசுவை வெட்டி எடுத்து, குழாயில் போட்டு அளப்பது அவருக்கு ஒவ்வவில்லை. வெட்டாமலே எந்த இடத்திலிருந்து எதிரொலி வருகிறது என்று சொல்ல முடியாதா? செப்டம்பரில் ஒரு மாலை ஹாம்பர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்றுதான் அதுவரை எல்லோரும் உயிரைக் கொடுத்துப் பாடுபட்டார்கள். அவர் வேண்டுமென்றே அதைச் சரிவாக்கினார். இடதுபக்கம் கொஞ்சம் குறைவு, வலதுபக்கம் கொஞ்சம் அதிகம். அப்படிச் செய்தால் இடதுபக்கத்துப் புரோட்டான் ஒரு சுருதியில் பாடும், வலதுபக்கத்துப் புரோட்டான் வேறு சுருதியில் பாடும். சுருதியைக் கேட்டே இடத்தைச் சொல்லிவிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா என்ற சரிவில், ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் நீர் 4,258 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் பாடும். மின்னணுக் கருவிக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அவர் எடுத்த முதல் படம் பார்க்க ஒன்றுமே இல்லை. தண்ணீர் நிரப்பிய இரண்டு நுண்குழாய்களின் குறுக்குவெட்டு, இரண்டு திட்டுகள். அந்தக் கட்டுரையை 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. வாதாடிய பிறகு 1973-ல் வெளியிட்டது. அதில் டமேடியனின் பெயர் இல்லை. பின்னாளில் வெடித்த சண்டைக்கு வித்து அங்கேயே விழுந்துவிட்டது.

இங்கிலாந்தில் நாட்டிங்காமில் மான்ஸ்ஃபீல்டு கிட்டத்தட்ட அதே நேரத்தில், திடப்பொருளின் அணு அடுக்குகளைப் படமெடுக்கலாமா என்ற வேறு கேள்வியிலிருந்து அதே சரிவுக்கு வந்து சேர்ந்தார். 15 வயதில் பள்ளியை விட்டு அச்சுத் தொழிலுக்குப் போய், பிறகு மாலை வகுப்பில் படித்து மேலே வந்தவர் அவர். அவருடைய பெரிய கொடை வேகம். ரேடியோ அலையின் ஒரே ஒரு தட்டலில், சரிவுகளை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி, ஒரு முழுப் படத்துக்கான எதிரொலியைச் சேகரிக்கும் வழியை 1977-ல் சொன்னார். அன்றைய மின்னணுவியலுக்கு அது எட்டாக்கனி. பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் இயந்திரங்கள் அவர் சொன்னதைச் செய்யும் அளவுக்கு வளர்ந்தன. ஸ்கேனுக்குள் படுத்தால் தலைக்குப் பக்கத்தில் கல் உடைப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்குமே, அது இந்தச் சரிவுச் சுருள்கள் போடும் சத்தம்தான். பலமான காந்தப்புலத்துக்குள் இருக்கும் சுருளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏற்றி இறக்கினால், சுருள் அதிராமல் என்ன செய்யும்?

டமேடியன் சும்மா இருக்கவில்லை. 1977 ஜூலை 3 அன்று, அவரும் மாணவர்களும் சேர்ந்து கட்டிய இயந்திரத்தில் மனித மார்பின் குறுக்குவெட்டை முதல்முறையாக எடுத்தார்கள். இயந்திரத்துக்கு 'அடங்காதது' என்று பொருள்படும் ஒரு பெயர். முதலில் டமேடியனே உள்ளே உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தன் உடல் பருமன்தான் காரணமோ என்று சந்தேகித்து, ஒல்லியான மாணவர் ஒருவரை உள்ளே வைத்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் புள்ளி புள்ளியாக நகர்த்தி எடுத்த படம் அது. அந்தப் புள்ளி முறையை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் காந்தத்தை அவர்கள் எதனால் சுற்றினார்கள் தெரியுமா? நியோபியம்-டைட்டானியம் கம்பியால், தங்கள் கையாலேயே. மனித உடம்பு முதன்முதலாக ஸ்கேன் ஆனபோதே நம் கம்பி அங்கே இருந்திருக்கிறது.

சரி, கம்பிக்கு வருவோம்.

அவ்வளவு பலமான காந்தம் எதற்கு? எதிரொலி அவ்வளவு பலவீனமானது. 1.5 டெஸ்லா புலத்தில், உடம்பின் வெப்பநிலையில், 10 லட்சம் புரோட்டான்களை எண்ணினால், புலத்தின் பக்கம் சாய்ந்தவை எதிர்ப்பக்கம் சாய்ந்தவற்றைவிட வெறும் 5 தான் அதிகம். மற்றவை ஒன்றையொன்று அடித்துப் போட்டுவிடும். அந்த ஐந்தை நம்பித்தான் மொத்தப் படமும். புலத்தைக் கூட்டினால் அந்த எண்ணிக்கை கூடும், படம் தெளியும். செம்புச் சுருளில் அந்தப் புலத்தை எழுப்பப் பார்த்தால், 10 மடங்கு புலத்துக்கு 100 மடங்கு மின்சாரம் வெப்பமாகப் போகும். 1980-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மருத்துவமனை நோயாளியை முதன்முதலாகப் படமெடுத்த இயந்திரத்தின் காந்தம் வெறும் 0.04 டெஸ்லா. அந்த வழியில் போயிருந்தால் ரொம்பத் தூரம் போயிருக்க முடியாது.

மின்தடையே இல்லாத கம்பி வேண்டும். அப்படி ஒன்று இருக்க முடியும் என்பது 1911-லேயே தெரியும். நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் 1908-ல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். மூன்று வருடம் கழித்துப் பாதரசத்தை அதில் குளிர்வித்தபோது, சுமார் 4.2 கெல்வினில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸில், அதன் மின்தடை பட்டென்று மறைந்தது. அடுத்த இரண்டே வருடத்தில் இதைக் கொண்டு 10 டெஸ்லா காந்தம் செய்துவிடலாம் என்று மனிதர் கணக்குப் போட்டார். கணக்கு சரி, பொருள்தான் சரியில்லை. ஈயம், வெள்ளீயம், பாதரசம் எல்லாமே ஒரு டெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கு புலத்தைக்கூடத் தாங்காமல் மீக்கடத்தும் தன்மையை இழந்தன. தான் உண்டாக்கும் காந்தப்புலமே தன்னைக் கொல்லும் காந்தம்! ஐம்பது வருடம் அந்தக் கனவு அப்படியே கிடந்தது.

அந்த ஐம்பது வருடத்தில் நடந்த ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 1930-களில் சோவியத் ஒன்றியத்தின் கார்கிவ் நகரில் லெவ் ஷுப்னிகோவ் என்ற இயற்பியலாளர் ஒரு குறைவெப்ப ஆய்வகம் நடத்தினார். சுத்தமான உலோகங்கள் ஒருவிதமாகவும், உலோகக்கலவைகள் வேறுவிதமாகவும் நடந்துகொள்வது அப்போது பலருக்கும் தெரிந்திருந்தது. கலவையில் சீரில்லை, அழுக்கு இருக்கிறது, அதனால் வரும் கோளாறு என்று பெரும்பாலோர் ஒதுக்கிவிட்டார்கள். ஷுப்னிகோவ் ஒதுக்கவில்லை. ஈயத்தோடு இண்டியமோ தாலியமோ கலந்த ஒற்றைப் படிகங்களைப் பொறுமையாக வளர்த்து, கோளாறுக்கே இடமில்லாதபடி அளந்தார். அப்போதும் கலவை வேறுவிதமாகவே நடந்தது. ஒரு எல்லைவரை காந்தப்புலத்தை முழுக்க வெளியே தள்ளியது. அந்த எல்லையைத் தாண்டியதும் புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டது. விட்ட பிறகும், மிக உயர்ந்த இன்னொரு எல்லைவரை மீக்கடத்தியாகவே இருந்தது. இது அழுக்கில்லை, இன்னொரு வகை மீக்கடத்தி. அந்தக் கட்டுரை வந்த 1937-ம் வருடமே ஸ்டாலின் காலத்துக் கைதுகளில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள்.

இருபது வருடம் கழித்து, 1957-ல், அலெக்ஸி அப்ரிகோசோவ் என்ற சோவியத் இயற்பியலாளர் அதற்குக் கோட்பாடு எழுதினார். புலம் உள்ளே நுழையும்போது மொத்தமாகப் பரவுவதில்லை, மெல்லிய குழல்களாக, ஒவ்வொன்றும் ஒரே அளவு புலத்தைச் சுமந்துகொண்டு நுழைகிறது. ஒவ்வொரு குழலைச் சுற்றியும் மின்னோட்டம் சுழலும். அந்தச் சுழல்கள் வரிசை தப்பாமல் நாற்று நட்டது போல நிற்கும். 1.5 டெஸ்லா புலத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் சுமார் 70 கோடி சுழல்கள், ஒன்றுக்கொன்று 40 நானோமீட்டர் இடைவெளியில்.

ஆனால் இது மட்டும் போதாது, இங்கேதான் பொருளறிவியல் உள்ளே வருகிறது. கம்பியில் மின்னோட்டம் பாய்ந்ததும் இந்தச் சுழல்கள்மீது பக்கவாட்டில் ஒரு விசை விழும். அவை நகர ஆரம்பிக்கும். நகர்ந்தால் ஆற்றல் விரயம், விரயமென்றால் வெப்பம், வெப்பமென்றால் மீக்கடத்துத்திறன் போய்விடும். குறையில்லாத, சுத்தமான படிகத்தில் சுழல்கள் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால் இந்த வேலைக்கு அது உதவாது. சுழல்களை ஆணி அடித்து நிறுத்த உள்ளே ஏதாவது குறை வேண்டும். ஒழுங்கு கெட்ட இடம், வேறு உலோகத்தின் துணுக்கு, ஏதாவது ஒன்று. அழுக்கு என்று ஒதுக்கப்பட்டதே கடைசியில் வேலைக்கு ஆனது.

1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கன்ஸ்லரும் கூட்டாளிகளும் நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஒரு சேர்மம் 8.8 டெஸ்லாவில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியரைத் தடையில்லாமல் கடத்துவதைக் காட்டினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அது பீங்கான் மாதிரி, வளைத்தால் உடையும். வளையக்கூடியதாக அதே காலத்தில் வந்த தம்பிதான் நியோபியம்-டைட்டானியம். தாங்கும் புலத்தில் அண்ணனைவிட இளைத்தது. ஆனால் செம்பைப் போல இழுக்கலாம், சுற்றலாம். தொழிற்சாலைக்குள் எது நுழையும் என்பதை அந்த வளையும் குணம்தான் முடிவு செய்தது.

கம்பி செய்யும் விதத்தைக் கேளுங்கள். எடையில் கிட்டத்தட்ட பாதி டைட்டானியம் உள்ள கலவைத் தண்டுகளைச் செம்பு உருளைக்குள் அடுக்கி, மொத்தத்தையும் அழுத்திப் பிதுக்கி, பிறகு அச்சுத் துளைகள் வழியே திரும்பத் திரும்ப இழுப்பார்கள். இடையிடையே 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் வைப்பார்கள். அந்தச் சூட்டில் கலவைக்குள்ளிருந்து டைட்டானியம் மட்டும் சின்னத் துணுக்குகளாகப் பிரியும். மேலும் இழுக்க இழுக்க அந்தத் துணுக்குகள் நசுங்கி, சில நானோமீட்டர் தடிமனுள்ள நாடாக்களாக மடிந்துகொள்ளும். சுழல்களைப் பிடித்து நிறுத்தும் ஆணிகள் அவைதான். எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி, எத்தனை முறை இழுப்பு என்று பல ஆய்வகங்கள் இருபது முப்பது வருடம் பாடுபட்டன. அதில் 'யுரேகா' என்று கத்திக்கொண்டு ஓடும் கட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடுதல் ஆம்பியர், அவ்வளவுதான். நோபல் குழுவுக்கு அப்படிப்பட்ட வேலை கண்ணில் படாது.

இந்தக் கம்பியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு துண்டை வெட்டி, நுனியை நைட்ரிக் அமிலத்தில் தோயுங்கள் (ஆய்வகத்தில்தான், வீட்டில் வேண்டாம்). செம்பு பச்சையும் நீலமுமாகக் கரைந்து போகும். உள்ளிருந்து சாம்பல் நிற இழைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, புடவைக் குஞ்சம் மாதிரி விரியும். முதல்முறை பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். ஒற்றைக் கம்பி என்று நினைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு கட்டு நாராக இருந்தது.

இழையாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. 1960-களில் செய்த முதல் காந்தங்கள், சின்னத் துண்டாக அளந்தபோது காட்டிய திறனில் பாதியைக்கூடச் சுருளாகச் சுற்றியபோது காட்டவில்லை. தடித்த மீக்கடத்திக்குள் சுழல்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் தாவினால், அந்த வெப்பமே மொத்தக் காந்தத்தையும் சாய்த்துவிடும். இழைகளை மெல்லியதாக்கி, முறுக்கி, நல்ல செம்புக்குள் வைத்தால் தாவல் சின்னதாக இருக்கும், செம்பு வெப்பத்தை வாங்கி, காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்திடம் கொடுத்துவிடும். இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆய்வகத்தார் இதைத் தெளிவாகக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அவர்கள் மருத்துவத்துக்காகச் செய்யவில்லை, அணுத்துகள்களை மிக வேகமாக ஓடவிடும் துகள் முடுக்கிகளுக்காகச் செய்தார்கள். 1983-ல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் டெவட்ரான் என்ற முடுக்கி ஓட ஆரம்பித்தது. 6 கிலோமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள அந்த வளையம் முழுக்க நியோபியம்-டைட்டானியக் காந்தங்கள். அவ்வளவு கம்பியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு வேலைக்காகத் தொழிற்சாலைகள் டன் கணக்கில் செய்யப் பழகின. அவர்கள் பழகி முடித்த நேரத்தில், மருத்துவமனைகள் எம்.ஆர்.ஐ கேட்டு வரிசையில் நின்றன. இன்றைக்கு உலகில் இந்தக் கம்பியை அதிகம் வாங்குவது எம்.ஆர்.ஐ தொழில்தான்.

செம்பு எதற்கு என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு மதியம் நன்றாகக் கற்றுக்கொண்டேன். ஆய்வகத்தில் ஒரு சின்னக் காந்தத்துக்கு மின்னோட்டம் ஏற்றிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் நான் கொஞ்சம் வேகமாக ஏற்றிவிட்டேன். உள்ளே எங்கோ தொம்மென்று ஒரு சத்தம், மேசையே லேசாக அதிர்ந்தது. மானியில் புலம் விறுவிறுவென்று விழுந்தது. அடுத்த கணம் மேலிருந்த குழாய் வழியே வெள்ளை வெளேரென்று மேகம் சீறிக்கொண்டு வந்தது. குவென்ச் என்போம் இதை. கம்பியின் ஒரு புள்ளி சூடாகி, சாதாரண உலோகமாக மாறி, பக்கத்துப் புள்ளியையும் சூடாக்கி, நொடிகளில் சுருள் முழுக்கப் பரவுவது. அப்போது மின்னோட்டம் செம்பு வழியே போகும். செம்பு மட்டும் இல்லையென்றால் அந்த முதல் புள்ளி உருகியிருக்கும். எங்களுக்குப் போனது கொஞ்சம் ஹீலியமும் என் மானமும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ-யில் அது நடந்தால் கதை பெரிது. அந்தக் காந்தத்துக்குள் சில மெகா ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கும், திரவ ஹீலியம் வாயுவானால் ஏறக்குறைய 700 மடங்கு விரியும். அறைக்குள் அது வந்தால் மூச்சுவிடக் காற்றிருக்காது. அதனால்தான் கூரைக்கு மேலே போகும் தனிக் குழாய் வைத்துத்தான் கட்டிடமே கட்டுவார்கள்.

இனி சண்டைக்கு வருவோம். 2003-ல் மருத்துவ நோபல் லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமேடியன் 'நியூயார்க் டைம்ஸ்' உள்ளிட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து இது வெட்கக்கேடான அநீதி என்றார். காப்புரிமை வழக்கில் அவர் பக்கம் ஏற்கெனவே வென்றிருந்தது. 1997-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அவருடைய நிறுவனத்துக்கு 12 கோடியே 87 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அவரைச் சேர்த்திருக்கலாமா? விதிப்படி மூன்று பேர்வரை கொடுக்கலாம், ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. என் கருத்தைக் கேட்டால், பரிசு படமெடுக்கும் முறைக்கு, அந்த முறை அவருடையதல்ல. அதே நேரம், டமேடியன் தட்டி எழுப்பியிராவிட்டால் லாட்டர்பர் அந்தப் பக்கம் திரும்பியிருப்பாரா என்பதும் நியாயமான கேள்வி. கட்டுரையில் ஒரு வரி நன்றி சொல்லியிருந்தால் பாதி மனக்கசப்பு குறைந்திருக்கும்.

அந்தச் சத்தத்தில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. அதே 2003-ல், அதே ஊரில், இயற்பியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் அப்ரிகோசோவ். புலத்தை உள்ளே விடும் அந்த இரண்டாம் வகை மீக்கடத்திக்கான கோட்பாட்டுக்காக. படத்துக்கு ஒரு பரிசு, அந்தப் படத்தை எடுக்கும் காந்தத்தின் கோட்பாட்டுக்கு இன்னொரு பரிசு, ஒரே நாளில். இரண்டையும் சேர்த்துப் பேசிய கட்டுரையை அன்று நான் பார்க்கவில்லை. ஒரு பட்டியலில் டமேடியன் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். இன்னொரு பட்டியலில் ஷுப்னிகோவ் இருக்க வழியே இல்லை, அவர் போய் 66 வருடம் ஆகியிருந்தது. கம்பி இழுத்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களில் பலருடைய பெயர் எனக்கே தெரியாது.

கடைசியாக, இரவில் ஏன் அணைப்பதில்லை. காந்தத்தை நிறுவும்போது வெளியிலிருந்து ஒரு மின்வழங்கியை இணைத்து, மின்னோட்டத்தை மெதுவாக நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு ஏற்றுவார்கள். சுருளின் இரு முனைகளுக்கும் நடுவே மீக்கடத்திக் கம்பியாலான ஒரு சின்னப் பாலம் உண்டு. மின்னோட்டம் ஏற்றும்வரை அதை ஒரு குட்டி ஹீட்டரால் சூடாக வைத்திருப்பார்கள், அதனால் அதில் தடை இருக்கும். வேண்டிய புலம் வந்ததும் ஹீட்டரை நிறுத்துவார்கள். பாலம் குளிர்ந்து மீக்கடத்தியாகும், வட்டம் மூடிக்கொள்ளும். பிறகு மின்வழங்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம். மின்னோட்டம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில், வருடக்கணக்கில். ஒரு மணி நேரத்தில் புலம் ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ஆக, அணைக்க சுவிட்சே கிடையாது. இறக்குவதென்றால் பொறியாளர் வந்து மறுபடி மின்வழங்கியை மாட்டி மெதுவாக இறக்க வேண்டும். அவசரப் பொத்தானை அழுத்தினால் நான் சொன்ன குவென்ச்தான், ஆயிரம் லிட்டருக்கு மேல் ஹீலியம் கொள்ளும் பழைய வகை இயந்திரங்களில் அதற்கான செலவை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். புதிதாக வரும் சில இயந்திரங்கள் வெறும் 7 லிட்டர் ஹீலியத்தை உள்ளேயே வைத்து மூடிவிடுகின்றன. அவற்றிலும் கம்பி அதே நியோபியம்-டைட்டானியம்தான். 1986-க்குப் பிறகு வந்த உயர்வெப்ப மீக்கடத்திகள் ஹீலியமே வேண்டாம் என்கின்றன. ஆனால் அவை பீங்கான் வகை, நாடாவாகச் செய்வது செலவு, தடையே இல்லாமல் ஒன்றோடொன்று இணைப்பது அதைவிடக் கடினம்.

இரவில் அணைவது கணினியும் ரேடியோப் பெட்டிகளும் மட்டும். யாரும் இல்லாத அறையில் நின்று கேட்டால் கீச், கீச் என்று சீரான சத்தம் வரும். அது ஹீலியத்தைக் குளிராகவே வைத்திருக்கும் குளிர்விப்பான். சுருள் சத்தம் போடாது. திரை இருண்டிருந்தாலும் அந்த அறையின் நடுவே பூமியின் புலத்தைவிடச் சுமார் 30 ஆயிரம் மடங்கு பலமான புலம் அப்படியே நிற்கிறது. பகலில் உங்கள் மோதிரத்துக்கும் சாவிக்கொத்துக்கும் என்ன விதியோ, நள்ளிரவில் தரை துடைக்க வருபவரின் இரும்பு வாளிக்கும் அதே விதிதான்.